ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து மூன்று டிகிரி

எங்கள் கம்பெனியில் அவருக்குப் பிராக்கெட் அக்கா என்று பெயர். வைத்தது முதலாளி. "இந்தம்மா லீவ் லெட்டர்ல கையெழுத்துப் போட்டாக்கூட அதைச் சுத்தி ஒரு பிராக்கெட் போட்டுத்தான் கொடுக்கும்" என்பார். அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

டயர் கடைக்குப் பின்பக்கம் நீளவாக்கில் ஒரு கூடம். குறுக்கே ஒட்டுப்பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி, இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர். குளிர் அறைகளுக்கான கன்ட்ரோலர் செய்வது தொழில். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து நீளும் வயரின் நுனியில் ஒரு சென்சார். உள்ளே நகத்தளவில் ஒரு சிப். அறையில் சூடு ஏறினால் கம்ப்ரஸரை ஓட விட வேண்டும், போதுமான அளவு குளிர்ந்ததும் நிறுத்த வேண்டும். அதன் உத்தியோகம் அவ்வளவுதான். சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது அக்கா. தயாரான பெட்டியைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவது நான். எதிரெதிர் மேஜை.

அவர் புரோகிராம் எழுத வந்தவர் இல்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எட்டு வருஷம் வீடு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இங்கே சாலிடரிங் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர் வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்பிப் போனார். அவர் போன மூன்றாம் மாதம் கம்ப்யூட்டரின் டிஸ்க் படுத்துவிட்டது. மிச்சம் இருந்தது அவருடைய புரோகிராமை நூற்றுப் பதினாலு பக்கத்துக்கு அச்செடுத்து வைத்த ஒரு கட்டு.

"தப்பில்லாம டைப் அடிக்க யாருக்குத் தெரியும்?" என்று முதலாளி கேட்டார். அக்கா கையைத் தூக்கினார்.

பத்தொன்பது நாள் அடித்தார். பன்னிரண்டாம் நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், "சார், இந்த இடத்துல பிராக்கெட் இல்லையே, விட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

"எனக்கென்னம்மா தெரியும்? உள்ளதை உள்ளபடி அடிங்க."

உள்ளபடி அடித்தார். ஆறு மாதம் கழித்து ஒரு பழக்கிடங்கில் பெட்டி கன்னாபின்னாவென்று எண் காட்டியபோது, காரணம் அந்த இடம்தான் என்று அவர்தான் கண்டுபிடித்தார். அது ஒரு மேக்ரோ. மேக்ரோ என்றால் வேறொன்றுமில்லை, நீளமான கணக்குக்கு ஒரு சின்னப் பெயர் வைத்துவிடுவது. புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர், அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் கணக்கை அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிடும். ஒட்டும்போது எதையும் யோசிக்காது. சென்சார் அளவோடு ஒரு திருத்தத்தைக் கூட்டு என்று மேக்ரோ எழுதியிருந்தது. அது ஒட்டிய இடத்தில் மொத்தத்தையும் பத்தால் பெருக்க வேண்டும். பிராக்கெட் இல்லாததால் திருத்தம் மட்டும் பத்து மடங்காகிவிட்டது. அக்கா இரண்டு பிராக்கெட் போட்டார், சரியாயிற்று. மறுவாரம் அவருடைய மேஜை என் மேஜைக்கு எதிரே வந்தது. அன்றிலிருந்து மேக்ரோ என்று எதைக் கண்டாலும் பிராக்கெட் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

அவருடைய கொழுந்தன் குளிர்சாதன மெக்கானிக். அக்கா அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். நல்ல கைவேலைக்காரர், கொஞ்சம் அவசரக்காரர், வாய் ஓயாது. அக்கா சொல்லித்தான் முதலாளி அவரைச் சேர்த்துக்கொண்டார். பிறகு எங்கள் பெட்டிகளில் பாதிக்கு மேல் அவர்தான் மாட்டினார். பெட்டி எடுக்க வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே, "அண்ணி எழுதுறது, நான் மாட்டுறது. நடுவுல முதலாளி எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல" என்று சத்தமாகச் சொல்வார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி இருமுவார்.

ஒரு வருஷம் கம்பைலரின் புதுப் பதிப்பு வந்தது. பழையது கண்டுகொள்ளாமல் விட்டதையெல்லாம் புதியது தோண்டித் துருவியது. ஓட்டிப் பார்த்த முதல் தடவையே நாற்பத்து மூன்று வார்னிங். எல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம்: இங்கே ஒரு வகை எண்ணை வேறு வகை எண்ணோடு சேர்க்கிறாய், தெரிந்துதான் செய்கிறாயா? எண்ணுக்கு முன்னால், இதை இன்ன வகையாக மாற்றிக்கொள் என்று எழுதிவிட்டால், தெரிந்துதான் செய்கிறார் போலிருக்கிறது என்று கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். அக்கா இரண்டு மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடித்தார். இரண்டாம் நாள் நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வார்னிங் பூஜ்யம்.

"வீடு பெருக்கின மாதிரி இருக்கு" என்றார்.

புதுப் புரோகிராம் போட்ட பெட்டியை நான் வழக்கம்போல வெந்நீரிலும் ஐஸ் தண்ணீரிலும் சென்சாரை முக்கிச் சோதித்தேன். ஓட வேண்டிய நேரத்தில் ஓடியது, நிற்க வேண்டிய நேரத்தில் நின்றது. ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அடுத்த நாலு வருஷத்தில் அந்தப் புரோகிராம் அறுபத்தொரு அறைகளுக்குப் போயிற்று. காய்கறி, பழம், பால், ஒரு மருந்துக் கடை. எதுவும் நாலு டிகிரிக்குக் கீழே போகத் தேவையில்லாத அறைகள். அறுபத்தோராவது அறை மட்டும் ஒரு பூக்கிடங்கு. ரோஜாவும் லில்லியும் கட்டுக்கட்டாக வாங்கி, பூங்கொத்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு அம்மாவுடையது. அவர் ஒரு டிகிரி கேட்டார். கொழுந்தன் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாட்டிய பதினாறாம் நாள் காலை எட்டரைக்கு அந்தம்மா போன் செய்தார். முதலாளி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது.

"மைனஸ் பதினொண்ணு காட்டுது! ரோஜாவைத் தொட்டா கண்ணாடி மாதிரி உடையுது! உங்க பெட்டி நிக்கவே மாட்டேங்குது, கரன்ட்டைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்!"

கொழுந்தன் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அறை இளகி, பூக்கள் கறுத்து, வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிட்டனவாம். சென்சார் குளிர்காற்று வீசும் ஃபேனுக்கு நேர் முன்னால் இருந்தது. அறையின் நடுவில் கட்ட வேண்டியது. வயர் ஒரு மீட்டர் குறைந்ததால் அங்கேயே கட்டிவிட்டிருந்தார். முதலாளி அதைக் கேட்டதும் வேறெதையும் கேட்கவில்லை. கொழுந்தனும் மறுத்துப் பேசவில்லை. "என் தப்புதான் சார்" என்றார்.

கழற்றிக் கொண்டுவந்த பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். வெந்நீர், ஐஸ் தண்ணீர். நன்றாகவே வேலை செய்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு முதலாளி அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அந்தம்மா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டதால் வெளியிலும் யாரும் கூப்பிடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பழைய பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். பூ கருகிய அன்று சாயங்காலமே அக்கா தன் வீட்டுக் கூடத்தில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாராம். கணவரும் பக்கத்தில் இருந்தார். "ஒரு மீட்டர் வயர் வாங்க அவ்வளவு சோம்பலா உனக்கு? உன்னைச் சேர்த்துவிட்ட நான் அங்க எந்த முகத்தை வச்சுக்கிட்டு உக்கார்றது?" என்று கேட்டிருக்கிறார். "அவன் அவசரக் குடுக்கைன்னு தெரிஞ்சதுதானே" என்று கணவர் முடித்து வைத்திருக்கிறார். கொழுந்தன் சாப்பிடாமல் போய்விட்டார். இதை அக்கா மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொன்னார். சரியாகச் செய்துவிட்ட தோரணையில்தான் சொன்னார்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு பிரிட்ஜ் கூலிங் விட்டுவிட்டது. கணவர் தம்பியைக் கூப்பிட்டார். வந்தார். முன்னைப் போலப் பேச்சில்லை. பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் குனிந்து உட்கார்ந்தபடி, ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாராம்:

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சென்சாரை ஃபேன் முன்னாடி கட்டினா அதுக்கு ரூமைவிட அதிகமாக் குளிரும். இல்லையா?"

"ஆமா."

"அப்போ ரூம் குளிர்ந்திடுச்சுன்னு நினைச்சுச் சீக்கிரமே நிறுத்தியிருக்கணும். பூ வாடியிருக்கணும். எப்படி உறைஞ்சுது?"

அக்காவின் கையில் அவருக்குக் கொண்டுவந்த டீ டம்ளர். அதை பிரிட்ஜின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் புரோகிராம் குறிப்புகள் எழுதிய பழைய நோட்டைத் தேடினாராம். டீ ஆறிப்போய், கொழுந்தன் தானே எடுத்துக் குடித்தார்.

திங்கட்கிழமை நான் போனபோது அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். என் மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய உடைத்த ஐஸ், பக்கத்தில் ஒரு பாக்கெட் கல்லுப்பு.

"பூக்கிடங்குப் பெட்டியை எடு. நீ எப்பவாவது பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பார்த்திருக்கியா?"

இல்லை. ஐஸ் தண்ணீர் பூஜ்யத்தோடு நின்றுவிடும். வழக்கமான சோதனை அவ்வளவுதான்.

உப்பைக் கொட்டிக் கலக்கினார். எண் இறங்கியது. இரண்டு. ஒன்று. ஒன்றைத் தாண்டியதும் நிற்க வேண்டும். ஆனால் ஒரு தடவை ஓட ஆரம்பித்த கம்ப்ரஸர் குறைந்தது மூன்று நிமிஷம் ஓடியே ஆக வேண்டும் என்று புரோகிராமில் ஒரு விதி உண்டு. அடிக்கடி அணைத்துப் போட்டால் கம்ப்ரஸர் கெட்டுவிடும். ஓடிக்கொண்டிருந்தது. பூஜ்யம். பிறகு மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்று. மூன்று நிமிஷம் முடிந்தது. கம்ப்ரஸர் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அணையவில்லை. ஐந்து நிமிஷம். மைனஸ் நாலு. அணையவில்லை. நான் சென்சாரை வெளியே எடுத்துத் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்று அக்கா சொன்னார். சொன்னது எனக்கா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். அறையின் சூட்டை டிகிரியில் பத்தில் ஒரு பங்காக எண்ணி வைப்பார்கள். அதற்குக் கழித்தல் குறி வரலாம். எந்த அளவைத் தாண்டினால் ஓட வேண்டும் என்ற எல்லை எண் கழித்தல் குறியே இல்லாத வகையில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிடுவது ஒரு மேக்ரோ. மேக்ரோ வகை பார்க்காது. வகை வேறு என்று கம்பைலர்தான் பார்த்தது. நாற்பத்து மூன்று வார்னிங்கில் அதுவும் ஒன்று. அக்கா அந்த இடத்தில், இரண்டையும் குறியில்லாத எண்ணாக மாற்றிக்கொள் என்று எழுதி, சுற்றிலும் பிராக்கெட் போட்டு, கம்பைலரின் வாயை மூடியிருந்தார். குறியில்லாத எண்ணுக்கு மைனஸ் ஒன்று என்பது கிடையாது. அந்தச் சின்னச் சிப்பில் அது அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்தாகிவிடும். அதாவது அறையின் சூடு ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து மூன்றரை டிகிரி. சூரியனின் மேற்பரப்பே அவ்வளவு சூடு இல்லை. பெட்டி பதறிப்போய்க் கம்ப்ரஸரை ஓட விட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியின் திரையில் எண்ணைக் காட்டுவது வேறொரு மேக்ரோ. அது குறியோடு சரியாகவே காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சென்சார் ஃபேன் முன்னால் இருந்ததில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். பதினைந்து நாள் தப்பி, அன்று ராத்திரி மூன்று நிமிஷத்துக்குள் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு திரும்ப வழியில்லை.

அக்கா அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். முதலாளி படித்துவிட்டு, "எல்லை எண்ணை அப்படி வச்சது பழைய ஆளுதானே?" என்றார்.

"ஆமா சார். ஆனா கம்பைலர் அவரைக் கேக்கல, என்னைக் கேட்டுச்சு."

"சரி. சத்தமில்லாம மாத்திடுங்க. சர்வீஸுக்கு வர்றப்போ ஒவ்வொண்ணாப் புது சிப் போட்டுடலாம். ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"அறுபத்தொரு ரூம் இருக்கு சார். இன்னொரு ரூம் மைனஸ்ல போனா?"

"போகலையே, நாலு வருஷமா."

"பூக்கிடங்கு போச்சே."

முதலாளி வெகுநேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "என்னமோ பண்ணுங்க. மாட்டப் போறவன் யாரு?" என்று கேட்டார். அக்கா கொழுந்தனைச் சொன்னார். முதலாளி மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கொழுந்தன் குடியிருந்த வீட்டுக்குப் போனார். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"ஆறாயிரம் டிகிரியா? அப்போ அது நிக்காம ஓடினதுல தப்பே இல்ல அண்ணி. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்."

பிறகு சிரிப்பு நின்றது. ஒரு ஸ்பேனரை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

"தப்பு யாருதா வேணா இருக்கட்டும். வயர் குறைஞ்சுது, நான் அங்க கட்டினது நிஜம்தான். ஆனா அண்ணன் முன்னாடி வச்சு, சோம்பலான்னு கேட்டீங்களே, அதான் இன்னும் போகல."

அக்கா, "நாளைக்கு வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வந்தவரை அதே கூடத்தில் உட்கார வைத்து, கணவரைக் கூப்பிட்டு, "இவன்மேல தப்பில்லங்க. புரோகிராம்ல தப்பு. எழுதினது நான். தெரியாம இவனைத் திட்டிட்டேன்" என்றார். கணவர் சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரி சரி, சாப்பிடுங்க" என்றார். கொழுந்தன் சாப்பிட்டார். ரசத்தில் உப்பு அதிகம் என்று குறை சொன்னாராம். அதைக் கேட்டபோதுதான் மூச்சு விட முடிந்தது என்று அக்கா சொன்னார்.

பூக்கிடங்குக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். நானும் ஐஸ், உப்பு, கிண்ணத்தோடு போனேன். அந்தம்மா கத்தரிக்கோலால் லில்லித் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அக்கா சொல்லி முடித்ததும், "எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்லு. இந்தத் தம்பி தப்பா மாட்டினதால இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் தப்பா எழுதினதால."

"நான் சந்தை பூரா இந்தத் தம்பி பேரைச் சொல்லி வச்சிருக்கேனே."

கிண்ணத்தில் ஐஸையும் உப்பையும் கொட்டி, புதுப் பெட்டியின் சென்சாரை முக்கிக் காட்டினோம். மைனஸுக்குப் போனது, மூன்று நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. அந்தம்மா பார்த்தார்.

"நல்லாத்தான் நிக்குது. வந்து சொன்னதும் நல்லது. ஆனா உங்க பெட்டி எனக்கு வேண்டாம்மா. திரும்ப இதை நம்பி ஒரு நாளும் நிம்மதியாத் தூங்க மாட்டேன்." பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, "வேற கம்பெனிப் பெட்டி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கு வந்து மாட்டிக் கொடு. சந்தையில நானே சொல்லிக்கறேன்" என்றார்.

கொழுந்தன் அக்காவைப் பார்த்தார். அக்கா, "போய் மாட்டு" என்றார். இதைக் கேள்விப்பட்டு முதலாளி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மிச்சம் அறுபது அறைக்கும் சிப் மாற்ற ஐந்து வாரம் ஆயிற்று. கொழுந்தனின் ஸ்கூட்டரில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவும் போனார். ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை அவரே சொன்னார். சில பேர் கோபப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் பாதி கேட்கும்போதே, சீக்கிரம் முடித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள், குளிர் போகிறது என்றார்கள். புதுப் புரோகிராமில் ஒப்பிடும் வேலைக்கு அவர் மேக்ரோவே வைக்கவில்லை. இன்ன வகை எண்தான் உள்ளே வரலாம் என்று கண்டிப்பாகக் கேட்கும் ஒரு ஃபங்ஷனாக எழுதினார். வார்னிங் வந்தால் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதி, என்ன செய்தார், ஏன் செய்தார் என்று குறித்துவைத்தார். நான் உப்பு ஐஸையும் சோதனையில் சேர்த்துக்கொண்டேன்.

அவர்களுக்குள் பழைய கலகலப்பு முழுதாகத் திரும்பியது என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறவர், இப்போது போன் செய்துவிட்டு வருகிறார். அக்காவும் அவரிடம் பேசும்போது ஒரு வார்த்தைக்கு இரண்டு தடவை யோசிக்கிறார்.

அடுத்த வருஷம் கொழுந்தன் தனியாகக் கடை வைத்தார். கடைக்கு அட்டை அடிக்கும்போது அக்காவிடம் வந்து, "அண்ணி, மாட்டுறதுக்கு என் நம்பர், புகாருக்கு உங்க நம்பர்னு போட்டுக்கட்டுமா? யாரைத் திட்டணுமோ அவங்களை நேராவே திட்டட்டும்" என்றார். கேலியா, நிஜமா என்று அக்காவுக்கே தெரியவில்லை. போட்டுக்கொள் என்றார். அட்டையில் அப்படியே அச்சாகி வந்தது.

நான் அந்த வேலையை விட்டு வரும்வரை மதிய வேளையில் அக்காவின் போன் அடிக்கும். சாப்பிடுகிற கையை விட்டு இடது கையால் எடுப்பார். பெரும்பாலும் கதவு சரியாக மூடவில்லை, பல்பு எரியவில்லை என்று வேறு யாரோ பார்க்க வேண்டிய புகார்கள்தான். எல்லாவற்றையும் கடைசிவரை கேட்பார். கடைசியாக நான் கேட்டது ஒரு பால்கடைக்காரருடையது. பெட்டியின் நிறம் சுவரோடு ஒத்துப்போகவில்லையாம், நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்றேங்க" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.